சகலைக்குப் பிடிக்காத டியூப்கள்

மார்ச் 2, திங்கள்

மூன்றாவது டியூபையும் சகலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மதிய வெயிலில் ஊரின் அந்தக் கோடி வரை போய், பழைய உதிரிபாகக் கடைக்காரரிடம் கெஞ்சி, அவர் முனகிக்கொண்டே பரணில் ஏறி இறக்கித் தந்த டியூப். சகலை அதைப் பெட்டியிலிருந்து முழுதாக வெளியே கூட எடுக்கவில்லை. வால்வை மட்டும் பார்த்தார். "இது வேணாம் சகலை. தண்டு குட்டை."

இரண்டு வாரம் முன்பு வரை எனக்கு டியூப் என்றால் டியூப். காற்றடிக்கும் வால்வுக்குத் தண்டு என்று ஒன்று இருப்பதும், அதில் இத்தனை ஜாதி இருப்பதும் இந்த மனிதரால்தான் தெரிந்தது. முதலில் வாங்கியது தடித்த ரப்பர் தண்டு. "இது ஸ்கூட்டருக்குப் போடுறது." அடுத்தது பக்கவாட்டில் வளைந்த தண்டு. காற்றடிக்க அதைவிட வசதி கிடையாது. "அம்பத்தாறாம் வருஷ வண்டியில இது ஏது சகலை?" இப்போது பித்தளையிலேயே வாங்கி வந்தால் குட்டையாம். நீளமான பித்தளைத் தண்டுதான் வேண்டுமாம். மூடியும் சின்னதாக இருக்கக் கூடாதாம். எனக்குக் கல்யாணம் பேசியபோது என் வீட்டார் இவ்வளவு யோசித்திருந்தால் இந்தச் சகலையே வாய்த்திருக்க மாட்டார்.

என் மனைவியின் தங்கை கணவர். அக்காவையும் தங்கையையும் கட்டிய பாவத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து நான்கு வருடம் முன்பு ஓடாத ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கினோம். எடுத்த அன்றே பேச்சு: பழைய வண்டிச் சங்கத்தின் ஆண்டு ஓட்டத்தில் போகும்போது ஓட்டுவது அவர். திரும்பி வரும்போது நான். ஓட்டாதவர் பின்னால் வரும் வேனில். மூன்று வருடம் வண்டி தயாராகவில்லை. இந்த வருட ஓட்டம் 29ஆம் தேதி, போக வர அறுபது கிலோமீட்டர். இன்ஜின் ஓடுகிறது, பிரேக் பிடிக்கிறது, இரண்டு சக்கரமும் இஸ்திரி மேஜையில் சாய்ந்து கிடக்கின்றன. டியூப் இல்லை.

"சேலை எடுக்கக் கூட நான் மூணு கடைக்கு மேல ஏறினதில்ல" என்றாள் மனைவி. அது பொய். ஆனால் இன்று நான் வாதாடும் நிலையில் இல்லை.

மார்ச் 4, புதன்

சகலை ஒரு சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். முன் சக்கரத்துக்கு என்ன அளவு, பின் சக்கரத்துக்கு என்ன அளவு, தண்டு எத்தனை மில்லிமீட்டர். எழுத்தா அது? முதல் வரி பரவாயில்லை. போகப் போகச் சுருங்கி, கடைசி வரி எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார். "நீங்களே படிச்சுச் சொல்லிடுங்க சார்." நான் மட்டும் என்ன, பூதக்கண்ணாடியோடு பிறந்தேனா?

மார்ச் 6, வெள்ளி

இன்று ஆய்வு வேலையில் ஐந்து லிஃப்ட் பார்த்தேன். இரண்டை ஓட்டக் கூடாது என்று சிவப்பு அட்டை தொங்கவிட்டேன். டியூபைப் பற்றி யாரும் பேசவில்லை. நல்ல நாள்.

மார்ச் 8, ஞாயிறு

கிடைத்துவிட்டது. நீளமான பித்தளைத் தண்டு, பெரிய மூடி, இரண்டு டியூப், மாற்றுக்கு இன்னொன்று. பின் சக்கர விளிம்பில் துளை கொஞ்சம் பெரிது. அது வேறு வண்டியிலிருந்து வந்த விளிம்பு. அதற்கு ஒரு பித்தளை வளையமும் கடைக்காரரே தேடித் தந்தார். இனிமேல் நான் வர மாட்டேன் என்ற சந்தோஷம் அவருக்கு.

சகலை பஸ்ஸில் வந்தார். அவருடைய ஸ்கூட்டர் இரண்டு மாதமாக சர்வீஸில் இருக்கிறதாம். எந்த ஸ்கூட்டர் இரண்டு மாதம் சர்வீஸில் இருக்கும் என்று கேட்டால் சிரிக்கிறார். வந்தவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். வலது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். கடைசி வரை எடுக்கவில்லை. டயரைப் புரட்டியது நான், லிவர் போட்டு நெம்பியது நான், முழங்காலில் தோல் உரிந்தது எனக்கு. அவர் மேஸ்திரி மாதிரி உத்தரவு மட்டும். "டியூப்ல லேசா காத்து ஊதிட்டு உள்ள விடுங்க சகலை, இல்லேன்னா லிவர் கடிச்சிடும்." நான் கேட்கவில்லை. கடித்துவிட்டது. பஞ்சர் கடைக்குப் போய் வந்ததும் நான்தான்.

இவர் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பவர். இருபத்தாறு வருடமாக ஒரே குத்தில் நரம்பு பிடிப்பார், குழந்தைகள்கூட அழாது என்று பெயர். அப்படிப்பட்ட கையை வைத்துக்கொண்டு ஒரு டயரைப் பிடிக்க மாட்டாராம். சென்ற மாதம் தானாகக் கேட்டு வரவேற்பு மேஜைக்கு மாறிக்கொண்டாராம். "நாற்காலி வேலை, நிம்மதி" என்றார். சோம்பேறித்தனத்துக்கு நிம்மதி என்று பெயர் வைத்திருக்கிறார்.

கடைசியில் நட்டு விஷயம். தண்டின் மேல் ஒரு நட்டு வரும். அதை விளிம்போடு சேர்த்து இறுக்குவதுதானே முறை? இவர் கூடாது என்கிறார். மேலே, மூடிக்குக் கீழேயே விட்டுவிட வேண்டுமாம். ஓட ஓட டயர் கொஞ்சம் நகரும், டியூபும் கூடவே போகும், அப்போது தண்டு சாயும், அதைப் பார்த்து நாம் சரிசெய்துகொள்ளலாம். இறுக்கிவிட்டால் தண்டு சாய இடமில்லாமல் அடியோடு கிழியும். "சாஞ்சா நமக்குத் தெரியும். இறுக்கிட்டா தெரியாது."

லூசான நட்டைப் பார்த்தால் எழுதிக் கையெழுத்துப் போட்டு லிஃப்டையே நிறுத்துகிறவனிடம் இதைச் சொல்கிறார்! தலையை ஆட்டி வைத்தேன். அவர் பஸ் ஏறியதும் ஸ்பானரை எடுத்து இரண்டையும் இறுக்கினேன். பின் சக்கரத்துக்கு அரைச் சுற்று கூடவே.

மார்ச் 12, வியாழன்

சங்கத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது. ஓட்டுபவர் பெயர், வண்டி விவரம். கீழே: "வண்டியும் ஓட்டுபவரும் ஓட்டத்துக்குத் தகுதியாக இருப்பதற்கு மற்றொரு உரிமையாளர் உறுதி." அங்கே நான் கையெழுத்துப் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். "உங்க கையெழுத்து வாங்குறது லிஃப்டுக்கே கஷ்டம்" என்றார் சகலை.

மார்ச் 15, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

புறவழிச்சாலையில் வெள்ளோட்டம். சகலை பம்ப், லிவர், மாற்று டியூப் பையோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். நான் ஓட்டினேன். போகும்போது அருமையாகப் போனது. திரும்பும்போது ஒரு லாரி குறுக்கே வர, இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்தேன். பின்பக்கம் பட்டென்று ஒரு சத்தம். வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. விழவில்லை. எப்படி விழவில்லை என்று எனக்கே தெரியாது. இறங்கிப் பார்த்தால் பின் டயர் தரையோடு தரை. இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தேன்.

டியூபை உருவியதும் தெரிந்துவிட்டது. தண்டு அடியோடு பிய்ந்து, நட்டோடு விளிம்பிலேயே நிற்கிறது. சகலை பார்த்தார். "இறுக்கிட்டீங்களா?"

"ஆமா."

"ம்." அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போல இருந்தது. தப்பு என்னுடையது. அதனால்தான் கோபம் அவர் மேல் வந்தது, வேறென்ன?

புது டியூபில் வால்வுக்குள் போகும் பின்னைத் திருக வேண்டும். பாதித் தீக்குச்சி அளவுதான் இருக்கும். என் கையெல்லாம் கிரீஸ். அவரிடம் கொடுத்தேன். கீழே போட்டார். எடுத்துக் கொடுத்தேன். மறுபடி போட்டார். மூன்றாவது தடவை இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முயன்றார். அப்போதுதான் கத்தினேன். "என்ன சகலை, ஒரு பின்னைப் போட ஒரு யுகமா? ஒரு மாசமா நாய் படாத பாடு படுறேன், பாக்கெட்ல கைய விட்டுக்கிட்டு வேடிக்கை பாக்கத்தான் வந்தீங்களா?"

அவர் பின்னைப் பை மேல் வைத்தார். வலது கையைத் தொடை மேல் வைத்தார். சும்மா வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாக உரசின, கண்ணுக்குத் தெரியாத ஒரு மாத்திரையை உருட்டுவதுபோல. நிற்கவே இல்லை.

"நடுக்குவாதம். எட்டு மாசமாச்சு. மாத்திரை போடுறேன்" என்றார். ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும் அதே குரல். "எதையாவது கெட்டியா பிடிச்சா நிக்குது சகலை. சும்மா இருந்தாதான் ஆடுது. சின்னச் சாமான்தான் ஆகாது."

அவரே தொடர்ந்தார். "குட்டைத் தண்டுன்னா விரல் நுனியில பிடிக்கணும். நீளம்னா உள்ளங்கைக்குள்ள அடங்கும். மூடி பெருசா இருந்தா திருகிடுவேன். வண்டி ஓட்டுறவன் தன் சக்கரத்துக்குக் காத்தாவது பாத்துக்கணும்ல?"

அம்பத்தாறாம் வருட வண்டி, ஸ்கூட்டர் தண்டு என்றதெல்லாம்? நான் கேட்காமலே சொன்னார். "எதையாவது சொல்லணுமே."

பிறகு பிய்ந்த தண்டை எடுத்துப் பார்த்துச் சிரித்தார். "உங்க கையும் சும்மா இருக்காது. என் கையும் சும்மா இருக்காது. நல்ல ஜோடி."

கொழுந்தியாளுக்குத் தெரியாதாம். ஓட்டம் முடிந்ததும் அவரே சொல்லுவாராம். அதுவரை நான் வாய் திறக்கக் கூடாதாம்.

மார்ச் 16, திங்கள்

எட்டு மாசம்! எட்டு மாசமா எதிர்ல உக்காந்திருக்கார், ஒரு வார்த்தை சொல்லல. நான் கண்ணை எங்க வச்சிருந்தேன்? பஸ்ல வந்தார், கை பாக்கெட்ல, எழுத்து எறும்பு, வேலை மாத்திக்கிட்டார். லிஃப்ட் கம்பிக் கயித்துல ஒரு இழை அறுந்தா கண்டுபிடிக்கிறவனாம் நான். சோம்பேறின்னு எழுதி வச்சிருக்கேன் பாரு, முந்தின ஞாயித்துக்கிழமை, இதே நோட்டுல.

அந்த வரியை அடித்துவிடலாமா என்று பக்கத்தைத் திருப்பினேன். இருக்கட்டும், எழுதியவன் நான்தானே.

மார்ச் 18, புதன்

சண்டை. படிவத்தை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கே வந்துவிட்டார். கையெழுத்துப் போட முடியாது என்றேன். "ஒரு தடவை, சகலை. முப்பது கிலோமீட்டர். அதுக்கப்புறம் நானே சாவியைக் குடுத்துடுறேன்." முடியாது. "நாலு வருஷம்." முடியாது. "ஹேண்டில்பாரைப் பிடிச்சா கை ஆடாது, நீங்களே பாத்தீங்கள்ல?" பார்க்கவில்லை. பின்னைக் கீழே போட்டதைத்தான் பார்த்தேன்.

"லிஃப்டுக்கு மாட்டுற மாதிரி என் கழுத்துலயும் ஒரு சிவப்பு அட்டையை மாட்டிடுங்க" என்றார். அடுத்த மேஜைக்காரர் பேனாவை வைத்துவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன பதிலை நானே எதிர்பார்க்கவில்லை. "சோதிச்சுப் பாக்காம எந்த லிஃப்டுக்கும் நான் அட்டை மாட்டினதில்ல. ஞாயித்துக்கிழமை கிடங்கு மைதானத்துக்கு வாங்க. அளந்து பாப்போம்."

சொன்னது சரியா? தெரியவில்லை. அவர் முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்தது.

மார்ச் 20, வெள்ளி

நட்டு இரண்டையும் தளர்த்தி மேலே மூடிக்குக் கீழே கொண்டு வந்தேன். கை வரவில்லைதான். செய்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

மூடிய கிடங்கின் முன்னால் இருக்கும் சிமெண்டு மைதானம். ஆள் நடமாட்டம் இல்லை. நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வர வேண்டும், நான் விசில் அடித்ததும் நிறுத்த வேண்டும். விசில் அடித்த இடத்தில் சாக்பீஸ் கோடு. அங்கிருந்து நின்ற இடம் வரை டேப்.

முதலில் நான் ஓட்டினேன், அவர் விசில் அடித்தார். இருபத்திரண்டு மீட்டர்.

பிறகு அவர். நான்கு வருடத்தில் அவர் அந்த வண்டியை ஓட்டி இன்றுதான் பார்த்தேன். என்னைவிட நன்றாக ஓட்டுகிறார். உள்ளதைச் சொல்ல வேண்டும். முதுகு நேராக, கியர் மாறும் சத்தமே கேட்காமல், வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய்ந்து வருகிறார். கை ஆடவில்லை. முதல் தடவை இருபத்து மூன்று மீட்டர். இரண்டாவது இருபத்திரண்டரை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டுவிடலாம் என்று சட்டைப் பையில் பேனாவைத் தொட்டுக்கூடப் பார்த்தேன்.

மூன்றாவது தடவை முப்பத்தொன்று.

டேப்பை இரண்டு முறை வைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்றுதான். அவர் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டு எண்ணைப் பார்த்தார்.

"விசில் கேட்டுச்சு. விரலை நீட்டுன்னு சொன்னேன். அது பிரேக் லிவர்கிட்ட போய்ச் சேரல" என்றார்.

"இன்னொரு தடவை வேணா..." என்றேன். நானா சொன்னேன் அதை? ஆம், நான்தான். பாஸாகாத லிஃப்டுக்கு மறுசோதனை.

"அந்த எட்டு மீட்டர்ல ஒரு குழந்தை நின்னா?" என்றார். படிவத்தை வண்டியின் சீட் மேல் வைத்து, ஓட்டுபவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அவரே அடித்தார். மேலே என் பெயரை எழுதினார். பெயர் முடிவதற்குள் எழுத்து சிறுத்துவிட்டது. "இப்ப நான்தான் உங்களுக்கு உறுதி குடுக்கணும்" என்று கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில், வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு.

மார்ச் 23, திங்கள்

அந்த டேப்பை அலுவலகத்தில் வைத்துவிட்டு வேறு டேப் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 25, புதன்

அவரே சொல்லிவிட்டார், ஓட்டத்துக்கு முன்பே. கொழுந்தியாள் நேராக இங்கே வந்தாள். அழுதுகொண்டு வருவாள் என்று நினைத்தேன். கத்திக்கொண்டு வந்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சு பத்து நாளாச்சா அத்தான்? பத்து நாளா என்கிட்ட ஃபோன்ல வெயில் அடிக்குது, மழை வருதுன்னு பேசிக்கிட்டிருந்தீங்களா?"

என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். அக்காவும் தங்கையும் ஒரே சுருதியில் பிடித்தால் யார் தாங்குவது? அவள் வாயை மூடச் சொன்னால் இவள், இவளைச் சமாளித்தால் அவள். பிறகு கொழுந்தியாள் நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்குப் போன தீபாவளிக்கு..." என்று வழக்கம்போல ஆரம்பிக்கவில்லை, வேறெந்தப் பழைய கதையையும் எடுக்கவில்லை. "சட்டைப் பட்டன் போட லேட்டாகுதுன்னு தினம் திட்டினேன் அத்தான்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

நானும்தான் திட்டினேன் என்று சொன்னேன். அது ஆறுதலா என்ன? ஆனால் கொஞ்சம் சிரித்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

ஐம்பத்திரண்டு வண்டிகள். எங்களுக்கு முப்பத்தேழாம் எண்.

புறப்படும் முன் காற்றுப் பார்த்தது சகலை. நானே பார்க்கிறேன் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். மூடியை உள்ளங்கையில் வைத்துத் திருகி, தண்டைப் பிடித்து, காற்றுமானியை அழுத்தி, முன்னால் இருபத்து நான்கு, பின்னால் இருபத்தாறு என்றார். நேரம் எடுத்தது. சங்கச் செயலாளர், "சார், சீக்கிரம், உங்க நம்பர் வந்தாச்சு" என்றார். "பொறுங்க சார்" என்று நான் போட்ட சத்தத்தில் முப்பத்தெட்டாம் எண்காரர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

சகலைக்கு வேனில் இடம் வைத்திருந்தார்கள். "வேன்ல வர நான் என்ன மூட்டையா?" என்று என் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

ஊரைத் தாண்டியதும் வலது தோளில் ஒரு அதிர்வு. ஒற்றை சிலிண்டர் வண்டி, அதிரும்தான். ஆனால் இது வேறு தாளத்தில் இருந்தது. இன்ஜினைத் தாங்கும் போல்ட்டில் ஏதோ தளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டி, எந்த போல்ட், எந்த ஸ்பானர் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே ஓட்டினேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன்.

அதிர்வு நிற்கவில்லை.

நான் திரும்பவில்லை. ரயில் வருகிற வரை, போகிற வரை, தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கையை எடுத்துக்கட்டுமா சகலை? தொந்தரவா இருக்கா?" என்றார்.

"பின்னால உக்காந்தா பிடிச்சுக்கிட்டுதான் உக்காரணும்" என்றேன். கொஞ்சம் எரிச்சலாகவே சொன்னேன். வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

போக முப்பது, வர முப்பது. ஓட்டத்தை முடித்ததற்கு ஒரு தகரக் கேடயம் கொடுத்தார்கள். அதைச் சகலை வாங்கிக்கொண்டார்.

வீட்டில் காபி குடிக்கும்போது மனைவி, "என்ன, தோளையே பிடிச்சுக்கிட்டிருக்கீங்க? வலிக்குதா? தைலம் தேய்க்கட்டுமா?" என்றாள்.

வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.